கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர்

“பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு மேல இன்டர்நெட் எதுக்கு?” என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிடுகிறது. கேட்பவர் யாராக இருந்தாலும், இடம் கல்யாண வீடாகவே இருந்தாலும், நான் சண்டைக்குப் போய்விடுவேன். என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து முழங்கையால் இடிப்பார். அவரிடம் இந்தக் கதையை ஒருமுறை சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே டி.வி. பக்கம் திரும்பிவிட்டார். அதனால் முழுசாக எழுதிவைக்கிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

உத்தமபாளையத்தைத் தாண்டி கம்பம் போகிற ரோட்டில், வயலுக்கு நடுவே இருந்த ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் வேலை பார்த்தேன். எம்.சி.ஏ. முடித்த கையோடு லேபில் உதவியாளராகச் சேர்ந்தேன். பிரின்டர் மூச்சுவிடாமல் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், பிரின்சிபால் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தாலும் என்னைத்தான். இப்படி எல்லாம் என் தலையில் விடிந்து, கடைசியில் காலேஜ் நெட்வொர்க் முழுவதும் என் பொறுப்பு என்றாகிவிட்டது. வீடு உத்தமபாளையத்திலேயே. அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பஜாரில் ஜவுளிக்கடை. காலையில் ஸ்டாஃப் பஸ்ஸில் போய், சாயங்காலம் ஐந்து மணிக்கு அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். இந்த ஐந்து மணியை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இல்லாத நேரத்தில்தான் எல்லாக் கூத்தும் நடந்தது.

காலேஜில் வைஃபை வந்த புதிதில், கூரையில் தொங்கிய வெள்ளைப் பெட்டிகள் ஒவ்வொன்றும் தனித்தனி ராஜ்யம். ஆக்சஸ் பாயின்ட் என்பார்கள் அந்தப் பெட்டிகளை. பாஸ்வேர்டு மாற்ற வேண்டும் என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக மாற்ற வேண்டும். ஒன்று சிக்கிக்கொண்டால் ஏணி போட்டு ஏறி, லேப்டாப்பை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஒயரைச் சொருக வேண்டும். ஜென்ட்ஸ் ஹாஸ்டல் வராந்தாவில் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஏணியில் நிற்கிற ஒரு பெண்ணைப் பார்த்து விசில் அடிக்காமல் இருக்க நம் பயல்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. எனவே மேலே ஏறாமல் வேலை முடிகிற ஒரு ஏற்பாடு வேண்டும் என்று நானே போராடிக் கேட்டேன். அதுதான் கன்ட்ரோலர். எல்லாப் பெட்டிகளுக்கும் மூளை ஒரே இடத்தில் இருக்கும். நான் லேபில் உட்கார்ந்தபடியே எந்தப் பெட்டியையும் திறக்கலாம், அணைக்கலாம், யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கலாம். ஒரே ஒரு சங்கடம் உண்டு. மூளை நின்றுபோனால் அத்தனை பெட்டியும் வாயடைத்துப் போகும். அதனால் அதை ஏ.சி.யும் யு.பி.எஸ்.ஸும் இருக்கிற சர்வர் ரூமில் வைக்க வேண்டும். இது எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் இருக்கும்.

தாளாளர் என்பது எங்கள் லெட்டர்பேடில் மட்டும் இருந்த சொல். எங்களுக்கு அவர் முதலாளிதான். போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்து வளர்ந்த குடும்பம். கடையை மகன்களிடம் விட்டுவிட்டு வந்து, காலேஜையும் கடை மாதிரியே நடத்தினார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகளின் சாப்பாட்டில் கை வைத்ததில்லை. மெஸ் அரிசியைத் தானே கையில் அள்ளி மோந்து பார்த்துத்தான் இறக்கச் சொல்வார். ஆனால் தனக்குத் தெரியாத ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். கன்ட்ரோலர் வந்து இறங்கிய அன்று அட்டையைப் பிரித்ததும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

“இது என்னம்மா செய்யும்?”

“காலேஜ்ல இருக்கிற அம்புட்டு ஆக்சஸ் பாயின்டையும் இது ஒண்ணே கன்ட்ரோல் பண்ணும் சார்.”

“அம்புட்டையுமா?”

“ஆமா சார். இது சொன்னாத்தான் அதுக கேக்கும்.”

“அப்ப இது என் ரூம்ல இருக்கட்டும்.”

நான் சர்வர் ரூம் என்றேன், ஏ.சி. என்றேன், யு.பி.எஸ். என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “நீயும் பஜார்க்காரக வீட்டுப் பிள்ளதான. கல்லாப்பெட்டிய எங்கன வைப்பாக? மொதலாளி பக்கத்துல வைப்பாகளா, குடோன்ல வைப்பாகளா?” என்றார். பக்கத்தில் நின்ற பிரின்சிபால் தலையாட்டினார். அவர் தலையாட்டுவதற்கு முதலாளி பேசி முடிக்க வேண்டும் என்றுகூட அவசியம் இல்லை, வாய் திறந்தாலே போதும்.

அப்படித்தான் முதலாளி அறையில் கண்ணாடி அலமாரி ஒன்று செய்து அதற்குள் கன்ட்ரோலர் குடியேறியது. நல்ல நேரம் பார்த்துப் பூஜை போட்டார்கள். சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு. பெட்டியின் காற்றுத் துவாரத்துப் பக்கம் குங்குமம் போனதும், மதுரையிலிருந்து வந்திருந்த சப்ளையர் பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. “கேட்டு வாங்குன பிள்ள கையாலேயே போடட்டும்” என்று சுவிட்சை என்னைப் போடச் சொன்னார் முதலாளி. பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. லேபுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். என் திரையில் லைப்ரரி, கேன்டீன், ஜென்ட்ஸ் ஹாஸ்டல், லேடீஸ் ஹாஸ்டல் என்று ஒவ்வொரு பெட்டியாகப் பச்சை நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

லேடீஸ் ஹாஸ்டலில் பச்சை வந்ததற்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. அந்த ஹாஸ்டலின் கேட்டை ஆறு மணிக்குச் சாத்திவிடுவார்கள். செல்போன் வைத்துக்கொள்ளக் கூடாது, வார்டன் கையில் கிடைத்தால் பெற்றோரை வரச் சொல்வார்கள். படிப்புக்கென்று லேப்டாப் மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஜென்ட்ஸ் ஹாஸ்டலிலும் கேட் உண்டு, பூட்டும் உண்டு, சுவர் மட்டும் குட்டைச் சுவர். பயல்கள் இருட்டியதும் தாண்டிக் குதித்து, உத்தமபாளையத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துவிட்டு டீக்கடையில் பரோட்டாவும் சாப்பிட்டு வருவார்கள். பொம்பளப் பிள்ளைகளுக்கு அந்த வைஃபையை விட்டால் வேறு கதி கிடையாது. அதிலும் அந்த வருடம் வெளிநாட்டில் எல்லாம் வங்கிகள் விழுந்து, வருடா வருடம் காலேஜுக்கு வந்து ஆள் எடுத்த கம்பெனிகள் ‘இந்த முறை வரவில்லை’ என்று போனிலேயே முடித்துவிட்டன. வேலை வேண்டும் என்றால் நாமே பதிந்துவைத்துவிட்டு மெயிலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மெயில் எந்த நேரத்திலும் வரும். நாளைக்கு டெஸ்ட், இன்றைக்கே பதில் போடு என்பார்கள். அதாவது ஆறு மணிக்கு மேல் அந்தப் பெட்டி ஓடினால் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. ஓடாவிட்டால் இல்லை.

ஓடவில்லை. முதலில் வந்து சொன்னது ஓடைப்பட்டிப் பிள்ளை ஒன்று. கடைசி வருடம், கம்ப்யூட்டர் சயின்ஸ். அப்பா திராட்சைத் தோட்டத்தில் பந்தல் வேலைக்குப் போகிறவர். மார்க்கும் எடுக்கும், வாயும் பேசும். லேப் வாசலில் வந்து நின்றது.

“மேடம், சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டையும் சாத்துறாக, நெட்டையும் சாத்துறாக. இது புது ரூலா?”

“யாரு சாத்துறது? காலையில எல்லாம் நல்லாத்தான ஓடுது.”

“காலையில நாங்க கிளாஸ்லல்ல மேடம் இருக்கோம்.”

நான் திரையைப் பார்த்தேன், அத்தனையும் பச்சை. முந்தின நாள் என்ன ஆனது என்று தேடினால், கன்ட்ரோலர் அன்றைக்குக் காலையில்தான் எழுந்திருக்கிறது என்று காட்டியது. மறுநாள் பார்த்தேன், அப்போதும் அன்றைய காலையில்தான் எழுந்திருந்தது. அந்த வருடம் கரண்ட் போகாத நாள் இல்லை. கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும் நேரத்தில் தடுமாறுகிறது என்று நினைத்தேன். முதலாளி அறைக்கு ஒரு யு.பி.எஸ். வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். ‘முதலாளி அறையில் ஒயர் தொங்குவது அழகாக இருக்காது’ என்று பதில் வந்தது.

இதற்குள் கமிட்டி கூடிவிட்டது. எங்கள் காலேஜில் மழை பெய்தால்கூட ஒரு கமிட்டி கூடும். ஹாஸ்டல் கமிட்டித் தலைவர் ஒரு துறைத் தலைவர். மெஷின் பற்றி முப்பது வருடமாகப் பாடம் எடுத்தவர் என்பதால், மெஷின் எல்லாம் தன்னிடம் கேட்டுத்தான் ஓடுகிறது என்று நம்புகிறவர். அவர் ஒரு பெரிய கண்டுபிடிப்போடு வந்திருந்தார்.

“பொம்பளப் பிள்ளைக எத்தன மணிக்கு உள்ள வர்றாக? ஆறு மணிக்கு. நெட்டு எத்தன மணிக்குப் படுக்குது? ஆறு மணிக்கு. இதுக்கு மேல என்ன வேணும்? அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல ஏறுறாக, பெட்டி தாங்காமப் படுத்துருது.”

“சார், ஜென்ட்ஸ் ஹாஸ்டல்ல அவுகள மாதிரி மூணு பங்கு ஆள் இருக்காக. அவுகளும் சாயங்காலந்தான் ஏறுறாக.”

“ஆம்பளப் பயலுக பிரிஞ்சு பிரிஞ்சு வருவாங்கெ. இவுக மொத்தமா வர்றாகல்ல.”

“அது காரணமில்ல சார்.”

“அப்ப எது காரணம்? சொல்லுங்க மேடம், எழுதிக்கிறோம்.”

எனக்கு அப்போது தெரியாது. தெரியாது என்று சொன்னதும் அறை முழுக்க ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. தெரியாமல் அவர் சொன்னது முடிவாயிற்று, தெரியாது என்று உண்மையைச் சொன்ன நான் வாயை மூட வேண்டியதாயிற்று. லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கும் ஆக்சஸ் பாயின்ட்களைக் கழற்றுவது, சோதனைக்காக மட்டும், என்று தீர்மானம் போட்டார்கள். சோதனை என்றால் பிறகு திரும்ப வரும் என்று அர்த்தம். அந்த அர்த்தம் எங்கள் காலேஜ் அகராதியில் இல்லை.

எலக்ட்ரீசியன் ஏணியோடு போனார், நானும் போனேன். பிள்ளைகள் மாடிப்படியில் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓடைப்பட்டிப் பிள்ளை மட்டும் கேட்டது: “கழட்டி எங்க மேடம் வைப்பாக?” ஸ்டோரில் வைப்பார்கள் என்றேன். அடுத்த வாரமே அவற்றை ஜென்ட்ஸ் ஹாஸ்டலில் மாட்டச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. அங்கே மூலை அறையில் சிக்னல் சரியாக இல்லையாம்.

கழற்றிய பிறகும் ஆறு மணிக்கு நெட் போனது. அதே மாதிரி, எல்லா இடத்திலும் போனது. ஒரு மனுஷனுக்குக் கொஞ்சம் வெட்கம் இருந்தால் அன்றைக்கே ‘தப்பாகச் சொல்லிவிட்டோம்’ என்று நினைத்திருப்பார். கமிட்டித் தலைவர் அடுத்த கண்டுபிடிப்புக்குப் போனார். “பிள்ளைக சுவத்தோரமா நின்னு லைப்ரரி சிக்னலத் திருடுறாக” என்றார். அதற்காக ஒரு வாட்ச்மேனை லேடீஸ் ஹாஸ்டல் பின்சுவரில் நிறுத்தினார்கள். ஜென்ட்ஸ் ஹாஸ்டல் சுவரைத் தாண்டுகிறவர்களைப் பிடிக்க ஒரு வாட்ச்மேன் கிடையாது. காற்றில் வருகிற சிக்னலைப் பிள்ளைகள் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர். அந்த ஆள் பாவம், என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாமல் என்னிடமே வந்து கேட்டார். அப்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கு நல்லபடியாகப் பதில் சொல்லக்கூட முடியவில்லை.

அந்த வாரம்தான் அது நடந்தது. ஓடைப்பட்டிப் பிள்ளை ஒரு பெங்களூர் கம்பெனியின் முதல் சுற்றில் தேறியிருந்தது. காலேஜிலேயே தேறியது அது ஒன்றுதான். அடுத்த சுற்றுக்கு நேரம் ஒதுக்கி, மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் சம்மதம் சொல்லச் சொல்லி, சாயங்காலம் ஏழு மணிக்கு மெயில் வந்திருக்கிறது. பிள்ளை அதைப் பார்த்தது மறுநாள் இடைவேளையில், லைப்ரரியில். நேராக லேபுக்கு ஓடி வந்தது. நான் அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். மரியாதையான இங்கிலீஷில் ஒரு பெண், ‘அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது’ என்றாள். ‘காலேஜில் நெட் இல்லை’ என்று நான் சொன்னதை அவள் நம்பின மாதிரி தெரியவில்லை. இன்ஜினியரிங் காலேஜில் நெட் இல்லை என்றால் யார்தான் நம்புவார்கள்?

நான் போனை வைத்தேன். பிள்ளை அழும் என்று நினைத்தேன், அழவில்லை. முகம் மட்டும் கறுத்துப்போயிருந்தது.

“மேடம், இது என்ன நோவுன்னாவது கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. எங்க மேல பழி இருக்கிற வரைக்கும் நாங்க போயி வாயத் தொறந்து கேக்க முடியாது.”

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அத்தாவின் கடைக்குப் போனேன். கடை அடைக்கிற நேரம் வரை ஒரு மூலையில் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்திருந்தேன். அத்தா கல்லாவைப் பூட்டினார், துணிகளை மூடினார். பிறகு வாசல் பக்கம் போய், கதவோரத்தில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்து மெயினை இறக்கினார். விளக்கு, ஃபேன் எல்லாம் ஒரே இழுப்பில் நின்று, கடை இருட்டாகிவிட்டது.

“அத்தா, ஏன் மெயின எறக்குறீக?” என்று இருட்டுக்குள்ளிருந்து கேட்டேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற காரியம், அன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது.

“என்னடி கேள்வி இது? கடையடைக்கிறதுன்னா மெயின எறக்கிட்டுத்தான அடைக்கணும். ராவுல ஏதாச்சும் பொறி பறந்துச்சுன்னா? கம்பத்துல போயிப் பாரு, தேனியில போயிப் பாரு, போடியில போயிப் பாரு. எந்த யாவாரி எறக்காமப் போறாரு?”

போடி என்ற சொல் காதில் விழுந்ததும், எங்கள் முதலாளியும் போடி வியாபாரிதான் என்பது எனக்கு உறைத்தது. அத்தா ஷட்டரை இழுத்து, பூட்டுப் போட்டு, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். நான் ரோட்டில் நின்று தனியாகச் சிரித்தேன். சிரிப்பு நின்றதும், அதற்கு மேல் தாங்க முடியாத கோபம் வந்தது. ஒரு வியாபாரி தன் வழக்கப்படி மெயினை இறக்கிவிட்டுப் போகிறார். அதற்கு ஒரு ஹாஸ்டல் பிள்ளைகள் மேல் பழி போட்டு, கூரையில் இருந்ததைப் பிடுங்கி, பின்சுவரில் காவலும் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் ஸ்டாஃப் பஸ்ஸில் ஏறவில்லை. ஸ்கூட்டரில் வந்து கூட்டிப் போகும்படி அத்தாவிடம் சொல்லிவிட்டு, லேபில் திரையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறு மணி வாக்கில் முதலாளியின் காரை டிரைவர் போர்டிகோவில் கொண்டுவந்து நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் என் திரை உறைந்து நின்றது. நான் எழுந்து வராந்தாவுக்கு வந்தேன். முதலாளி தன் அறைக் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தா செய்கிற மாதிரியே.

“என்னம்மா, இன்னும் போகலையா?”

“சார், ரூம்ல மெயின எறக்கிட்டீகளா?”

“எறக்காமப் போவனா?” என்றார் பெருமையாக. “இந்தப் பழக்கத்த நான் ஒரு நாளும் விட்டதில்ல. கரண்டு விசயத்துல அசால்ட்டா இருக்கக் கூடாதும்மா.”

“அந்தக் கன்ட்ரோலரும் அதுலதான் சார் ஓடுது. நீங்க எறக்குனா காலேஜ் பூராம் நெட்டு நின்னுருது. தெனம் சாயங்காலம் நெட்டு போறது இதுனாலதான். பிள்ளைகளால இல்ல.”

ஐயோ என்பார், தெரியாமல் போயிற்றே என்பார் என்று நான் நின்றேன்.

“நாந்தான் கெளம்பிட்டேன்ல. பெறகு அது எதுக்கு ஓடணும்?” என்றார்.

கடைக்காரருக்குக் கடை என்றால் அவர் இருக்கிற நேரம்தான். அவர் போன பிறகும் அங்கே நூற்றுக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள், மெயில் பார்க்கிறார்கள், வேலைக்கு ஏங்குகிறார்கள் என்பது அவர் கணக்கிலேயே இல்லை. நான் பொறுமையாக இன்னொரு தடவை சொன்னேன். இரவு இரண்டு ஹாஸ்டலும் குவார்ட்டர்ஸும் இதை நம்பித்தான் இருக்கின்றன என்றேன். அவர் காரில் ஏறும்போது, “சரி, அதை எடுத்துட்டுப் போயி எங்கனயாவது வையி. எந்நேரமும் ஊதிக்கிட்டே கெடக்கு, மத்தியானம் கண்ணசர முடியல” என்றார். பெட்டி சர்வர் ரூமுக்குப் போனது முதலாளியின் மத்தியானத் தூக்கத்துக்காக. பிள்ளைகளுக்காக என்று இந்த நிமிஷம் வரை யாரும் சொன்னதில்லை.

பிரின்சிபால் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “அவுககிட்ட நேராவா சொன்னீக?” என்று பயந்துபோய்க் கேட்டார். காரணம் சரிதானா என்று கேட்கவில்லை. இடம் மாறிய அன்றிலிருந்து நெட் ஒரு சாயங்காலம்கூடப் போகவில்லை. அதை எல்லோரும் பார்த்தார்கள். நான் கமிட்டியில் போய் நின்றேன்.

“காரணம் தெரிஞ்சுபோச்சு சார். மெயின்தான். லேடீஸ் ஹாஸ்டல்ல கழட்டுனதத் திரும்ப மாட்டிரலாமா?”

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்பத்தான் நல்லா ஓடுது. எதுக்கு அதுல மறுபடி கைய வைக்கணும்?”

“பிள்ளைகளால போகலைன்னு தெரிஞ்சிருச்சுல்ல சார்.”

“மெயினும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். இதுவும் ஒரு காரணமா இருந்திருக்கலாம். அதுபோக, பொம்பளப் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கு மேல இன்டர்நெட் எதுக்கு?”

இவ்வளவு நாளும் லோடு என்றார், சிக்னல் திருட்டு என்றார். அடியில் இருந்தது இந்த ஒரு கேள்விதான். அவருக்கு நெட் படுத்ததே ஒரு வசதியாகப் போயிருக்கிறது. வெளியே வந்துவிட்டேன். படிப்பில் முதலில் நிற்கிற பிள்ளைகளைப் பற்றி ஆண்டு விழாவில் மைக் பிடித்துப் பேசுகிற அதே வாய் இது.

ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால் கன்ட்ரோலர் திரையைத் திறந்து, ஜென்ட்ஸ் ஹாஸ்டல் ஆறு மணிக்கு அணைய வேண்டும் என்று போட்டேன். ஏணி வேண்டாம், எலக்ட்ரீசியன் வேண்டாம், தீர்மானம் வேண்டாம். இதற்காகத்தானே கன்ட்ரோலர்.

நான் வீட்டுக்கு வந்து டீ குடிப்பதற்குள் போன் அடித்தது. ஜென்ட்ஸ் ஹாஸ்டல் வார்டன். அவர் வைத்ததும் கமிட்டித் தலைவர், அவர் வைத்ததும் பிரின்சிபால். கன்ட்ரோலர் இடம் மாறியதிலிருந்து ராத்திரி நெட்டுக்குப் பழகிப்போன பயல்கள் மெஸ்ஸில் தட்டைத் தட்டுகிறார்களாம், ஒரு பயலின் அப்பா ஏதோ கட்சியில் பெரிய ஆளாம். கடைசியாக முதலாளியே போடியிலிருந்து பேசினார். லேடீஸ் ஹாஸ்டலில் நெட் இல்லாமல் மாதக்கணக்காக ஓடியது. அதற்காக என் வீட்டுப் போன் ஒரு தடவைகூட அடித்ததில்லை. எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன், “காலையில வந்து பாக்குறேன் சார்.”

காலையில் முதலாளி அறையிலேயே கூடினார்கள். கண்ணாடி அலமாரி காலியாக இருந்தது, பூஜையில் வைத்த எலுமிச்சம்பழம் மட்டும் காய்ந்து கிடந்தது.

“என்ன ஆச்சும்மா?” என்றார் முதலாளி.

“லோடு சார். பயலுக ஆறு மணிக்கு மேல அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்துல ஏறுறாக. பெட்டி தாங்காதுன்னு கமிட்டியிலேயே சொல்லியிருக்காக. அதான் சோதனைக்காக நிப்பாட்டிப் பாத்தேன்.”

“என்ன மேடம், வெளையாடுறீகளா?” என்று கமிட்டித் தலைவர் எழுந்துவிட்டார். “ஃபைனல் இயர் பசங்க எதிர்காலம் இதுல இருக்கு.”

“பொம்பளப் பிள்ளைகளுக்கும் அதே ஃபைனல் இயர்தான் சார். ஒரு பிள்ளைக்குக் கையில வந்த வேல போயிருச்சு. அன்னைக்கு யாரும் எந்திரிக்கல.”

முதலாளி கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். என்னைப் பார்த்தார். “இது எப்பச் சரியாகும்?”

“லேடீஸ் ஹாஸ்டல்ல கழட்டுனது திரும்ப ஏறுனா இதுவும் சரியாயிரும் சார்.”

வேலை போகும் என்றுதான் நினைத்தேன், போனால் போகட்டும் என்றும் நினைத்தேன். முதலாளிக்கு உதட்டோரம் சிரிப்பு வந்தது. அவருக்கு நியாயம் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. பேரம் புரிந்தது. எதிராளி எந்த இடத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதை ஒரு வியாபாரி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். “மாட்டி விடுங்கப்பா. இதுக்குப் போயி எத்தன மீட்டிங்கு” என்று சொல்லிவிட்டு டீ கொண்டுவரச் சொன்னார்.

அன்றைக்கு மத்தியானமே ஜென்ட்ஸ் ஹாஸ்டல் மூலையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து மாட்டினோம், எலக்ட்ரீசியன் ஏணியைப் பிடிக்க நானே ஏறினேன். என்னை எல்லோரும் பாராட்டினார்கள், ஆபீஸ் அம்மா ஒருவர் தேங்காய் பர்பிகூடக் கொடுத்தார். எனக்கு இனிக்கவில்லை. எது அந்தப் பிள்ளைகளுக்குத் தானாகவே சேர வேண்டியதோ அதைச் சந்தையில் மாட்டுக்குப் பேசுகிற மாதிரி பேசி வாங்க வேண்டியிருந்தது. பழி போட்டவர் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. ஓடைப்பட்டிப் பிள்ளைக்கு அதற்குப் பிறகு இரண்டு மூன்று மெயில்கள் வந்தன, எல்லாவற்றையும் அது நேரத்தோடு பார்த்தது. ஆனால் அந்த பெங்களூர் கம்பெனி மாதிரி ஒன்று மறுபடி வரவில்லை. படிப்பு முடிந்து, வேலை இல்லாமல்தான் ஊருக்குப் பஸ் ஏறியது.

அதே மத்தியானம் நான் இன்னொரு வேலையும் செய்தேன். கன்ட்ரோலரில் பெட்டிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துவைக்கலாம். லைப்ரரி ஒரு கூட்டம், கேன்டீன் ஒரு கூட்டம். அதுவரை தனித்தனியாக இருந்த இரண்டு ஹாஸ்டலையும் கலைத்து ஒரே கூட்டமாகச் சேர்த்துவிட்டேன். ஒன்றை அணைக்கப் போனால் மற்றதும் அணையும். இதற்குக் கமிட்டி கூடவில்லை, நான் யாரிடமும் கேட்கவில்லை.

அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகி, வேலையை விட்டுவிட்டுத் தேனிக்கு வந்தேன். என் இடத்துக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டுத்தான் வந்தேன். புது வீட்டில் சாமான்களைக்கூடப் பிரித்து முடிக்கவில்லை, பிரின்சிபால் போன் செய்தார். கல்யாணத்துக்கு வர முடியாமல் போனது என்றார், வீட்டில் எல்லோரையும் விசாரித்தார்.

“எல்லாம் நல்லா ஓடுது மேடம். ஒரே ஒரு சந்தேகம். லேடீஸ் ஹாஸ்டல மட்டும் தனியா ஆஃப் பண்ணணும்னா எங்கன போயிப் பண்ணணும்? புது ஆளு என்ன பண்ணுனாலும் ஜென்ட்ஸும் சேந்து போயிருதுங்கிறாரு.”

“ஏன் சார், அங்கன ஏதும் பிரச்சனையா?”

“ஒரு பிரச்சனையும் இல்ல மேடம். தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லதுன்னு கமிட்டியில சொன்னாக.”

“ரெண்டும் சேந்துதான் சார் அணையும்” என்று சொல்லி போனை வைத்தேன்.